தாச்சி என்று தேடினால் தாச்சி வரவேண்டும்

கேள்வி: புறக்கோட்டையில் தந்தையார் காலத்திலிருந்து பாத்திரக்கடை நடத்தி வருகிறோம். கடந்த ஆண்டு இணையத்தளம் ஒன்றையும் செய்வித்தோம். ஏறத்தாழ அறுநூறு பொருட்கள் அதில் உள்ளன. ஆனால் தளத்தைப் பார்த்த பிறகும் பலர், "இடியப்ப உரல் இருக்கிறதா?" என்று வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அது தளத்திலேயே இருக்கிறது. மெனுவை எவ்வாறு மாற்றுவது?
— பாத்திரக்கடை உரிமையாளர், கொழும்பு 11

பதில்: உங்கள் கடிதம் கிடைத்ததும் தளத்தைக் கைபேசியில் திறந்து, அந்த உரலை நானே தேடிப் பார்த்தேன். முதற்பக்கத்தில் ‘குக்வெயார்’, ‘கிச்சன் டூல்ஸ்’, ‘டேபிள்வெயார்’, ‘ஹவுஸ்ஹோல்ட்’ என நான்கு பிரிவுகள் இருந்தன. இடியப்பம் சமையல்தானே என்று முதலாவதைத் தொட்டேன், அங்கே இல்லை. திரும்பி வந்து இரண்டாவதைத் திறந்தால் ‘பிரஸ்’ என்றொரு உட்பிரிவு. அதற்குள், எலுமிச்சை பிழியும் கருவிக்கும் பூண்டு நசுக்கும் கருவிக்கும் கீழே, உங்கள் பித்தளை உரல் இருந்தது. பிறகு தேடற்பெட்டியில் ‘தாச்சி’ என்று எழுதினேன். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. அந்தத் தளத்தில் பதினான்கு தாச்சிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ‘வொக்’ என்றும் ‘ஃபிரை பான்’ என்றுமே பெயர்.

பிரிவுகளின் பெயர்கள் விநியோகத்தரின் விலைப்பட்டியலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. பொருளை வாங்குபவர் அந்தப் பட்டியலைப் பார்த்தவர் அல்லர். ஆகவே நிறத்தையும் படத்தையும் மாற்றும் முன்னர் சொற்களை மாற்றுங்கள். அதற்கு வேண்டிய செல்வம் உங்கள் கையிலேயே இருக்கிறது: வாடிக்கையாளர்கள் அனுப்பிய அந்த வட்ஸ்அப் செய்திகள். கடைசி மூன்று மாதச் செய்திகளை எடுத்து, எந்தப் பொருளை எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பின்னர் நாற்பது பொருட்களின் பெயர்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, வழக்கமாக வரும் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, எவை எவை ஒன்றாக இருக்க வேண்டுமோ அப்படி அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கிய பின் ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களே பெயர் வைக்கட்டும். வலை வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ‘இடியப்பம், புட்டு, இட்லி’ என்றொரு குவியல் உருவாகும் என்றே எதிர்பார்க்கிறேன். அதை அப்படியே ஒரு பிரிவாக்குங்கள்.

அடுத்தது வடிகட்டிகள், அதாவது விலை, அளவு போன்றவற்றைத் தெரிவுசெய்து பொருட்பட்டியலைச் சுருக்கும் தெரிவுகள். தாச்சி கேட்டு வருபவரிடம் உங்கள் கடையில் அனுபவமுள்ள விற்பனையாளர் என்ன கேட்பார்? எத்தனை பேருக்குச் சமைக்க, காஸ் அடுப்பா இண்டக்‌ஷன் அடுப்பா, அலுமினியமா இரும்பா, எவ்வளவு விலைக்குள் என்று கேட்பார். தளத்தில் வைக்க வேண்டிய வடிகட்டிகள் இவையே. குறிப்பாக அடுப்பின் வகையை விட்டுவிடாதீர்கள். காந்தம் ஒட்டாத வெறும் அலுமினியப் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது என்பதால், அந்தக் கேள்வி விடுபட்டால் வாங்கிய பொருள் திரும்பி வரும்.

கடையில் ஒரு பாத்திரம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். தளத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த எண்ணத்துக்கு நம்மவர் ஒருவர் முன்னோடி. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே தலைப்புக்குள் அடைக்காமல் பொருள், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்து நோக்கியது. இன்றைய வணிகத் தளங்களில் அளவு, விலை, நிறம் என்று ஒரே பொருளைப் பல வழிகளில் வடிகட்டும் முறைக்கு அவருடைய சிந்தனையே அடித்தளம் என்பதை ஒவ்வொரு முறையும் பெருமையோடு நினைத்துக்கொள்வேன்.

வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பொருட்கள் உள்ளன என்ற எண்ணிக்கை தெரியட்டும். ஒன்றும் இல்லாத தெரிவைத் தொட முடியாதபடி மங்கலாக்கி விடுங்கள். ஒரு பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தெரிவு செய்தவை அழியாமல் இருப்பதும் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்துக்குப் பக்கம் மீள்வதும் மிக அவசியம். உங்கள் தளத்தில் ஒவ்வொரு முறையும் எல்லாம் அழிந்து பக்கத்தின் உச்சிக்கே போய்விடுகிறது. மூன்றாவது முறை நானும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

தேடற்பெட்டிக்கு ஒரு சொற்பட்டியல் தயாரித்துக் கொடுங்கள். தாச்சி, வாணலி, கடாய் மூன்றும் ஒரே இடத்துக்குப் போகவேண்டும். சிங்களத்தில் ‘தாச்சிய’ என்று தேடுபவரும் அங்கேயே வரவேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் ஒரே சொல்லை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். அவற்றையும் அந்தக் கொப்பியிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கணினிக்கான தளத்திலும் மெனுவை மூன்று கோடுகளுக்குள் மறைத்தால் பக்கம் அழகாக இருக்கிறது. மறைக்கலாமா?
— வடிவமைப்புத் துறை மாணவி, வெள்ளவத்தை

பதில்: கணினித் திரையில் வேண்டாம். மறைத்து வைத்த மெனுவை மக்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று, தளங்களை மக்கள் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என ஆராயும் நீல்சன் நோர்மன் குழுமம் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கைபேசியிலும் கணினியிலும் அதே நிலைதான். கைபேசியில் இடம் போதாதென்றால், அதிகம் தேடப்படும் நான்கு பிரிவுகளையாவது வெளியே வைத்து எஞ்சியவற்றை மட்டும் கோடுகளுக்குள் வையுங்கள். சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டும் விரியும் உட்பட்டியலை நம்பியிருக்க வேண்டாம். தொடுதிரையில் அப்படி ஒரு செயலே இல்லை. மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்வதற்காக 2023 ஒக்டோபரில் வெளியான வலை அணுகல் வழிகாட்டல் (WCAG) 2.2, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. நான் 44 வைப்பேன். ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் பெருவிரலால் தொடுபவருக்கு 24 போதாது.