தரையில் வரைந்த பள்ளம் ஏன் பள்ளமாகத் தெரியவில்லை?

கேள்வி: காட்பாடியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு முற்றத்துச் சிமென்ட் தரையில் த்ரீ-டி பள்ளம் வரைந்து, பிள்ளைகளை ஓரத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்க ஆசை. இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே பெரிதாக்கி வரைந்தோம். வெறும் கட்டமாகத்தான் தெரிகிறது. என்ன தவறு?

பதில்: அந்தப் படம் வேறொரு கேமரா நின்ற இடத்துக்கானது. இந்த வகை ஓவியம் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் சரியாகத் தெரியும். அதனால் முதலில் கேமராவின் இடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு சாக்பீஸை எடுங்கள்.

கேமரா உயரம் 150 செ.மீ. என்று வைப்போம். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி குறித்து, முன்னோக்கி ஒரு நடுக்கோடு நூல் அடியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து பள்ளத்தின் முன்விளிம்பு 300 செ.மீ.யில், பின்விளிம்பு 500-ல், அகலம் 200, ஆழம் 50. விளிம்புகள் தரைமட்டத்தில் இருப்பதால் அவற்றை உள்ளபடியே வரையலாம். அடித்தளத்துக்குத்தான் கணக்கு: கேமரா உயரத்தை, உயரமும் ஆழமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 150 ÷ 200 = 0.75. பின்சுவரின் அடிக்கோடு 500 × 0.75 = 375 செ.மீ.யில் வரும், அதன் நீளம் 150. அதன் இரு முனைகளையும் பின்விளிம்பின் மூலைகளோடு இணைத்தால் பின்சுவர் தயார். அதே முனைகளிலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக முன்விளிம்பு வரை கோடிழுத்தால் பக்கச் சுவர்களும் அடித்தளமும் பிரிந்துவிடும். முன்சுவரை வரையவே கூடாது. அது கேமராவுக்குத் தெரியாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

மேலே எழும் பெட்டி வேண்டுமென்றால் கூட்டாமல் கழிக்க வேண்டும். 50 செ.மீ. பெட்டிக்கு 1.5 மடங்கு, 100 செ.மீ. என்றால் 3 மடங்கு, அதாவது 300-ல் இருப்பது 900-க்கு ஓடிவிடும். முற்றம் பத்தாது. பள்ளமே உத்தமம். பெங்களூரு நெடுஞ்சாலையில் எழுத்துகளை நீளமாக இழுத்து எழுதுவதும் இதே கணக்குதான். ஓவியத்திலும் இதே வித்தை உண்டு: ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1533-ல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தின் கீழே குறுக்காகக் கிடக்கும் கறை, வலது ஓரத்திலிருந்து பார்த்தால் மண்டையோடு ஆகிவிடும்.

போட்டோ எடுப்பவர் போனை 110 செ.மீ.க்குத் தாழ்த்தினால் பெரிய நஷ்டமில்லை. பள்ளம் 37 செ.மீ. ஆழமாகத் தெரியும், அவ்வளவுதான். பக்கவாட்டில் 30 செ.மீ. நகர்ந்தால் அடித்தளம் எதிர்ப்பக்கம் 10 செ.மீ. சாய்ந்து குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே நிற்கும் இடத்தில் பாதச் சுவடு வரைந்துவையுங்கள். வெறும் கண்ணுக்கு மயக்கம் பாதிதான்; இரு கண்ணும் சேர்ந்து தரையின் தட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

சிக்கலான உருவத்துக்கு, இருட்டியபின் புரொஜெக்டரின் லென்ஸை அதே புள்ளியில், அதே உயரத்தில் வைத்து ஒளி விழும் கோட்டைப் பின்பற்றுங்கள். கீஸ்டோன் திருத்தம் (சாய்வாக விழும் படத்தைப் புரொஜெக்டர் தானே நேராக்கும் வசதி) ‘ஆஃப்’பில் இருக்கட்டும், இல்லையேல் வேண்டிய நீட்சியை அதுவே நேராக்கிவிடும்.

எனாமல் வேண்டாம், பளபளப்பு பள்ளத்தைக் கெடுக்கும். மேட் எமல்ஷனே சரி. வேலூர் வெயிலில் சூடேறிய தரையில் அது திட்டுத்திட்டாகக் காயும். காலை எட்டுக்குள் அடித்து முடியுங்கள். விழா மாலையில் என்றால் மேற்குப் பக்கச் சுவரை இருட்டாகவும் கிழக்குச் சுவரை வெளிச்சமாகவும் தீட்டுங்கள். பிள்ளைகளின் நிழல் ஒருபக்கமும் பள்ளத்தின் நிழல் மறுபக்கமும் விழுந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.