ரெசின் ஏன் இறுகவில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எப்பாக்சி ரெசினில் கைவேலை செய்பவர்களிடமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: ஊற்றியது இறுகவில்லை. பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெயின்ட் காய்வதுபோல ரெசின் காய்வதில்லை. ஆவியாகி வெளியேற வேண்டிய நீரோ கரைப்பானோ அதில் இல்லை. ரெசினின் மூலக்கூறுகளும், அதை இறுகவைக்க உடன் கலக்கும் ஹார்டனரிலுள்ள அமீன் என்னும் வேதிப்பொருளின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பிணைந்து வலையாக மாறுவதைத்தான் இறுகுதல் என்கிறோம். ஆகவே மின்விசிறிக் காற்றில் வைத்து அதைக் காயவைக்க முடியாது. எங்கே பிசுபிசுக்கிறது, முழுவதுமா, திட்டுத்திட்டாகவா, மேற்பரப்பில் மட்டுமா என்று முதலில் தொட்டுப் பார்த்தால், காரணத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

பூஜைத் தட்டுக்காக 100 கிராம் ரெசினும் 50 கிராம் ஹார்டனரும் எடுத்தேன். பாட்டிலில் 2:1 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. முந்தைய தட்டு இறுகத் தாமதமானதால் இம்முறை இன்னும் 10 கிராம் ஹார்டனர் சேர்த்தேன். நான்கு நாளாகியும் தட்டு முழுவதும் ரப்பர்போல வளைகிறது. மேலே சிறிது ஹார்டனர் தடவினால் சரியாகுமா?
– வாசகி, கும்பகோணம்

சரியாகாது, தயவுசெய்து தடவ வேண்டாம். உங்கள் தட்டில் ஏற்கெனவே ஹார்டனர் அளவுக்கு மிஞ்சி இருப்பதுதான் கோளாறு.

பாட்டிலில் போட்டிருக்கும் 2:1 என்பது பெரும்பாலும் கன அளவைக் குறிக்கும். நீங்களோ தராசில் எடை பார்த்திருக்கிறீர்கள். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. ஒரு மில்லி ரெசின் ஏறத்தாழ 1.15 கிராம் இருக்கும். ஹார்டனரோ பெரும்பாலும் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இந்தக் கணக்கில் 100 கிராம் ரெசின் என்பது 87 மில்லி. அதற்கு வேண்டிய ஹார்டனர் 43 மில்லி சொச்சம், அதாவது 42 கிராம் அளவில். நீங்கள் சேர்த்தது 60 கிராம். துணை கிடைக்காமல் எஞ்சிய அமீன் தட்டுக்குள்ளேயே தங்கி, அதை மென்மையாக வைத்திருக்கிறது.

ஹார்டனரைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. வாகனப் பட்டறைகளில் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் 1 முதல் 2 சதவீதம் வரை சேர்ப்பது வினையைத் தொடங்கிவைக்கும் ஊக்கி. அங்கே சற்றுக் கூட்டினால் உண்மையிலேயே சீக்கிரம் இறுகும். எப்பாக்சியில் ஹார்டனர் ஊக்கி அல்ல, இறுகும் பொருளின் பங்காளி. வீட்டில் உடைந்ததை ஒட்ட இரண்டு குழாய்களைச் சம அளவில் பிதுக்கிக் கலப்போமே, அந்த அரால்டைட்டும் இந்தக் குடும்பம்தான். அதில் ஒரு குழாயை மட்டும் கூடுதலாகப் பிதுக்கினால் ஒட்டு வலுவிழக்கும்.

இனி அளவுக்கோடு போட்ட குவளையில் மில்லி பார்த்து ஊற்றுங்கள். தராசில்தான் எடுப்பேன் என்றால், தயாரிப்பாளர் எடைக்கென்று தனியாகத் தரும் விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அடர்த்தி ஒவ்வொரு நிறுவனத்தின் பொருளிலும் சற்று மாறும் என்பதால், மேலே நான் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தட்டைக் காப்பாற்ற வழியில்லை என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன். அச்சிலிருந்து முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது. மேலே புது அடுக்கு ஊற்றி மறைத்தால் அடியில் உள்ள மென்மை அப்படியே இருக்கும்.

சுவர்க் கடிகாரத்தில் ஓரிரு இடங்கள் மட்டும் பிசுபிசுக்கின்றன. மற்ற இடமெல்லாம் கல்போல இறுகிவிட்டது. அளவு சரியாகத்தான் எடுத்தேன்.
– வாசகர், சேலம்

அளவு தவறியிருந்தால் கடிகாரம் முழுவதும் கெட்டிருக்கும். உங்களுடையது கலக்கியதில் நேர்ந்த குறை. குவளையின் சுவரிலும் அடியோரத்திலும் ஒட்டியிருக்கும் ரெசின் சரியாகக் கலப்பதில்லை. கடைசித் துளியையும் வீணாக்க மனமில்லாமல் குவளையை வழித்து ஊற்றும்போது, அந்தக் கலக்காத ரெசின் விழுந்த இடமே திட்டாக நிற்கிறது. மூன்று நிமிடம் நிதானமாக, சுவரையும் அடியையும் குச்சியால் வழித்துவிட்டுக் கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி மீண்டும் ஒரு நிமிடம் கலக்குங்கள். ஊற்றும்போது வழிக்க வேண்டாம்.

நிறத்துக்குப் போஸ்டர் கலர் போன்ற நீர்க்கலவைகளைச் சேர்த்திருந்தாலும் இறுகுவது கெடும். ரெசினுக்கென்று விற்கும் நிறமியானாலும், கலவையின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. பிசுக்குள்ள இடங்களை மட்டும் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுப்பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின் மெல்லிய புது அடுக்கு ஊற்றினால் உங்கள் கடிகாரம் தேறிவிடும்.

என் மகளின் கல்யாண மாலைப் பூக்களை ரெசின் கட்டைக்குள் வைத்தேன். இரண்டு வாரத்தில் மல்லிகை பழுப்பாகிவிட்டது; சம்பங்கியைச் சுற்றிப் பால்போல மங்கலாக இருக்கிறது; கட்டையின் நடுவே விரிசலும் விழுந்திருக்கிறது. ஐந்து நாள் நிழலில் உலர்த்திவிட்டுத்தான் வைத்தேன்.
– வாசகி, மதுரை

திரும்பக் கிடைக்காத பூக்கள் என்பதால் இதைப் படித்தபோது மனம் கனத்தது. மாலைப் பூ கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, அவசரப்பட வேண்டாம் என்பதைத்தான்.

பழுப்புக்கும் மங்கலுக்கும் காரணம் ஈரம். நிழலில் ஐந்து நாள் கிடந்த பூ கையில் உலர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் சம்பங்கியின் தடித்த இதழ்களிலும் ரோஜாவின் அடிமுடிச்சிலும் நீர் தங்கியிருக்கும். அந்த நீர் சுற்றியுள்ள ரெசின் இறுகுவதைக் கெடுத்து, மங்கல் வளையமாகத் தெரிகிறது. மாலையை நாரிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் மணலுக்குள் பூக்களைப் புதைத்து வையுங்கள். இத்தனை நாள் என்று கணக்கு வைப்பதைவிட எடை பார்ப்பது நம்பகமானது: ஒருசில பூக்களைத் தினமும் சிறு தராசில் நிறுத்து வாருங்கள், அடுத்தடுத்து இரண்டு நாள் எடை குறையவில்லை என்றால்தான் உலர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிச் செய்தாலும் மல்லிகையின் வெண்மை யானைத் தந்தத்தின் நிறத்துக்குச் சாயும், சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகும். கட்டணம் வாங்கிச் செய்து தருபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

விரிசல் வேறு கதை. இறுகும்போது ரெசின் சூட்டை வெளியிடுகிறது. மெல்லியதாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு வெளியேறிவிடும். ஆழமாக ஊற்றினால் உள்ளேயே தேங்கி, வினையை இன்னும் விரைவாக்கி, மேலும் சூட்டைக் கிளப்பும். குவளையில் மீந்த கலவை புகைந்து, பிளாஸ்டிக்கே இளகிப்போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். மேற்பூச்சுக்கான ரெசினை ஒரே தடவையில் சில செண்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றினால் மஞ்சளாகும், விரிசல் விடும். கட்டை வார்ப்பதற்கென்று மெதுவாக இறுகும் ரெசின் தனியாக உண்டு, அதை வாங்குங்கள். அல்லது, பொதியில் சொல்லியிருக்கும் கனத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். முந்தைய அடுக்கு விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் பதியும் பக்குவத்தில் இருக்கும்போதே அடுத்ததை ஊற்றினால் இரண்டும் நன்றாகப் பிணையும். மீதிப் பூக்கள் இருந்தால், வைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் மீதும் தூரிகையால் மெல்லிய ரெசின் பூச்சுக் கொடுத்துவிடுங்கள். இதழிடுக்குக் காற்று பின்னர் குமிழியாகக் கிளம்பாது.

மழை மாதங்களில் செய்யும் பொருள்களில் மட்டும் மெழுகு தடவியதுபோல ஒரு படலம் வருகிறது. துடைத்துவிட்டு மேலே ஊற்றினால் புது அடுக்கு உரிந்துபோகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

அடியில் ரெசின் நன்றாகவே இறுகியிருக்கும், கவலை வேண்டாம். மேற்பரப்பிலுள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. நீரில் கரையக்கூடியது என்பதால், வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும் கொண்டு பஞ்சால் கழுவினாலே போய்விடும். கழுவாமல் உப்புத்தாளை எடுத்தால் தாள் அடைத்துக்கொள்வதோடு, படலமும் கீறல்களுக்குள் போய் உட்காரும். முதலில் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு தேய்த்து, அதன்பின் ஊற்றுங்கள். மழை கொட்டும் நாளில் சன்னலைச் சாத்தி, ஏசி இருந்தால் ஈரம் நீக்கும் முறையில் வைத்து வேலை செய்வதும், ஹார்டனர் பாட்டிலை உடனுக்குடன் மூடுவதும் உதவும்.

குளிர்காலத்தில் ரெசின் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிட்டது. கெட்டுப்போயிற்றா?
– வாசகி, உதகமண்டலம்

இல்லை. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோலத்தான் இதுவும். மூடியை இறுக்கி, 50 டிகிரி அளவிலான வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, ஒரு துகளும் மீதியில்லாமல் தெளியும்வரை வைத்திருங்கள். அறையின் சூட்டுக்கு ஆறிய பிறகே கலக்குங்கள். சூடாகக் கலந்தால் ஊற்றுவதற்குள் கட்டியாகிவிடும். உங்கள் ஊரில் 20 டிகிரிக்குக் கீழே இரவுகள் போவதால், ஊற்றிய பொருளைப் பெட்டியால் மூடி வெதுவெதுப்பான அறையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக விட்டுவையுங்கள்.

நான் செய்த டம்ளர் தட்டு ஒரே நாளில் நன்றாக இறுகிவிட்டது. ஆனால் சூடான காபி வைத்ததும் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது.
– வாசகர், ஈரோடு

தொட்டால் ஒட்டாத பக்குவம் ஒரு நாளில் வந்துவிடும். முழு வலு சேர ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். அதற்கு முன் சூடு பட்டால் தடம் விழுவது இயல்பு. ஆனால் கைவினை ரெசின்களில் பல, முழுவதும் இறுகிய பின்னும் 50, 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி ஆற்றிய காபிகூட அதைவிடச் சூடாக இருக்கக்கூடும். ஆகவே மேலடுக்குக்கு மட்டுமாவது, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பொதியில் தெளிவாக அச்சிட்டிருக்கும் ரெசினை வாங்குங்கள். தடம் விழுந்த தட்டை உப்புத்தாளால் தேய்த்து, அந்த ரெசினை மெல்லியதாக ஊற்றி, ஒரு வாரம் யார் கையும் படாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு காபியை வையுங்கள்.