வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என் பெயரும் கல்லூரியின் பெயரும் வெளியில் வர வேண்டாம். எங்கள் கல்லூரியில் வழக்கமான பாடங்களுக்கு மேல் கூடுதல் பாடங்கள் படித்து, அதற்கான கிரெடிட் புள்ளிகளோடு ஆனர்ஸ் சான்றிதழ் வாங்கும் மாணவர்களுக்கான பொறுப்பு போன வருடம் என்னிடம் வந்தது. எல்லாத் துறையும் சேர்த்து நாற்பது பேர். கோடைக்கால ஆராய்ச்சி, ஸ்காலர்ஷிப், நுழைவுத் தேர்வு என்று எந்த அறிவிப்பு வந்தாலும் அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். எல்லோரும் பார்க்கிறார்கள். சிலர் கைகூப்பும் படம் போடுகிறார்கள். வருடம் முழுக்க விண்ணப்பித்தவர்கள் மூன்றே பேர்.

எங்கள் துறையின் முதல் மாணவி திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருகிறாள். அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். "ஏம்மா அப்ளை பண்ணல?" என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய காலேஜ் பிள்ளைங்களுக்கு மேடம்" என்றாள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்? இன்னொன்று, நான்கு வருட ஆனர்ஸ் பட்டப்படிப்பு இங்கே இல்லாததால் எங்கள் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களா?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. பாதி வேலையைச் செய்திருக்கிறீர்கள், மீதிப் பாதிதான் கடினம்.

நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் எத்தனை பேர் கிளம்பிப் போகிறார்கள்? வீடேறி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. இல்லையென்றால் "முறையா வந்து சொல்லலையே" என்று இருந்துவிடுவார்கள். அதை வீம்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நாம் வருவதை அவர்கள் நிஜமாகவே விரும்புகிறார்களா என்ற கூச்சமும் அதில் இருக்கிறது. நாற்பது பேர் குழுவில் வந்து விழும் பி.டி.எஃப். தபாலில் வந்த பத்திரிகை மாதிரிதான். உங்கள் மாணவி அதை முழுதாகப் படித்திருப்பாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 1987-இல் பட்டப்படிப்பின் கடைசி வருடம். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு முதுகலை படிக்கலாம் என்று ஓர் அறிவிப்பு எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பலகையில் அதை நான் பார்த்தபோது கடைசித் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அலுவலக மேசையில் அது எத்தனை நாள் கிடந்ததோ. ஆனால் இன்றுவரை என்னை உறுத்துவது அந்தத் தாமதம் இல்லை. தேதி இருந்திருந்தாலும் நான் விண்ணப்பித்திருக்க மாட்டேன். "டேய், நீ இதப் போடுறா" என்று ஒருவர் கூட என்னிடம் சொன்னதில்லை.

ஆகவே நாற்பது பேருக்கும் அனுப்புங்கள், நிறுத்த வேண்டாம். அதற்குப் பிறகு அந்த அறிவிப்புக்குப் பொருத்தமான நாலு பேரைத் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டு, "இதை நீ போட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏன் என்றால்..." என்று காரணத்தோடு சொல்லுங்கள். அந்தக் காரணம்தான் வெற்றிலை பாக்கு.

இப்போது அந்த மல்லிகை வீட்டுக்கு வருவோம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை. உதவித்தொகையும் பயணச் செலவும் அவர்களே தருகிறார்கள். அந்த இரண்டு மாதம் எப்போது வருகிறது? கோடையில். மல்லிகை கொட்டுவதும் அப்போதுதான். விடியும் முன்னால் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். மொட்டு விரிந்துவிட்டால் விலை போய்விடும். பூ அதிகமாக வரும் மாதங்களில் விலை இறங்கும், பறிக்கும் ஆளுக்குக் கொடுக்கும் கூலி இறங்காது. அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு கை குறைவது அந்த அப்பாவுக்கு நேரடியான நஷ்டம். அந்தப் பெண் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டாள். "பெரிய காலேஜ் பிள்ளைங்களுக்கு" என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவாள். இதைப் போய் ஆர்வமில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால் பேச வேண்டியது அவளிடம் மட்டும் இல்லை, அவள் அப்பா அம்மாவிடமும்தான். அவர்கள் "இதனால் வேலை கிடைக்குமா" என்று முதலில் கேட்க மாட்டார்கள். எங்கே தங்குவாள், கூட யார் இருப்பார்கள், ரயில் டிக்கெட் யார் எடுப்பது, எந்தத் தேதி திரும்புவாள் என்பார்கள். இந்த நான்குக்கும் தெளிவான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உதவித்தொகை எவ்வளவு, இரண்டு மாதத்துக்கு ஆள் வைத்தால் கூலி எவ்வளவு என்று அவர் கணக்கிலேயே போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் தமிழில் ஐந்தாறு வரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது. அந்தத் தாள் வீட்டுக்குப் போகும், பி.டி.எஃப். போகாது.

அப்புறம் தேதி. கோடையில் நடக்கும் அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்குவது முந்தைய வருடத்தின் பிற்பகுதியில். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது, அதற்கு விண்ணப்பிப்பது செப்டம்பர், அக்டோபரில். கனடாவில் கோடை ஆராய்ச்சிக்கு மாணவர்களை எடுக்கும் மிடாக்ஸ் திட்டமும் கிட்டத்தட்ட அதே பருவம்தான். நம் பிள்ளைகளுக்கோ லீவு விட்ட பிறகுதான் லீவில் என்ன செய்யலாம் என்ற யோசனையே வருகிறது. ஆடி முடிவதற்குள் உங்கள் நாற்பது பேரும் மார்க் ஷீட் நகல், இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் தயாராக வைத்திருக்க வேண்டும். வெளிநாடு பற்றிப் பேச்சு வரும் முன்பே பாஸ்போர்ட் எடுத்துவிடச் சொல்லுங்கள். மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. போனஃபைடில் ஒரு கையெழுத்து வாங்க நாலு நாள் அலைந்து, அதிலேயே கடைசித் தேதியைத் தவறவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சலை அவர்களுக்காக நீங்கள் குறைத்தால் அதுவே பெரிய உபகாரம்.

இதைவிட முக்கியமானது பரிந்துரைக் கடிதம். பல கல்லூரிகளில் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார்கள். பிள்ளை என்ன எழுதும்? ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி என்று எழுதும். எல்லாக் கடிதத்திலும் அதேதான் இருக்கும், தேர்வு செய்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் மாணவி ஆய்வகத்தில் ஊசல் பரிசோதனை செய்யும்போது வந்த விடை சரியில்லை என்று மூன்று தடவை திரும்பச் செய்து, நூலின் நீளத்தைத் தப்பாக அளந்ததைக் கண்டுபிடித்தாள் என்று வையுங்கள். அதை அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளை எடுப்பார்கள். ஆனால் அப்படி எழுத வேண்டுமென்றால் அவள் வேலை செய்வதை ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாம் வருடத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஓர் ஆசிரியரிடம் சின்னதாக ஒரு வேலை செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அது பெரிய ஆராய்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் விடாமல் செய்த வேலையாக இருந்தால் போதும்.

உங்கள் நாற்பது பேரில் தமிழும் வரலாறும் படிப்பவர்களும் இருப்பார்கள். அறிவிப்புகள் பெரும்பாலும் அறிவியல் பிள்ளைகளுக்காகவே வருவதால் அவர்கள் மனம் விட்டுப்போகும். அவர்களுக்குச் செய்யக்கூடிய வேலை ஊரைச் சுற்றியே கிடக்கிறது. மேலூர்ப் பக்கத்துப் பையனுக்கு மாங்குளம் பஸ் ஏறிப் போகும் தூரம். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன, 1882-லேயே ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சிவெல் பார்த்துக் குறித்தவை. அரிட்டாபட்டியில் கல்வெட்டும் இருக்கிறது, பாறையைக் குடைந்து பாண்டியர் எடுத்த குடைவரைக் கோயிலும் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் அந்த ஊர்தான். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கீழடிக்குப் போனால் அருங்காட்சியகம் இருக்கிறது. இளங்கலையில் இங்கே ஓர் ஆய்வு செய்தவன், முதுகலை முடித்த பின் மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகையோடு நடத்தும் இரண்டு வருடப் பட்டயப்படிப்புக்குப் போகும்போது வெறுங்கையோடு போக மாட்டான்.

நான்கு வருட ஆனர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 டிசம்பரில் கொண்டுவந்த பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஆனர்ஸுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் வருடம் ஆராய்ச்சியோடு முடிக்கலாம், அதிலும் 75 சதவீதம் இருந்தால் நேரே பிஎச்.டி.க்கும் போகலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று வருடம் முடித்து எம்.எஸ்சி. வழியாகவே போகலாம். மூன்று வருடப் பட்டத்தோடு ஜாம் எழுதிப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.) முதுகலையும் ஆய்வும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.யிலும் சேர முடியும். இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று கேட்பது வேறு. "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், இவ்வளவு கட்டினால் சான்றிதழ்" என்று வரும் இன்டர்ன்ஷிப் அறிவிப்புகளைக் குழுவில் போடவே போடாதீர்கள். நீங்கள் அனுப்பியது என்பதற்காகவே கடன் வாங்கிக் கட்டும் வீடுகள் இருக்கின்றன.

அந்த மாணவியின் அப்பா பூவோடு மாட்டுத்தாவணிக்கு வருகிறவர் என்றால் எந்தக் கடைக்குக் கொண்டுவருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். நான் விடிகாலையில் எழுகிறவன். நீங்களும் வர முடிந்தால் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போய், வியாபாரம் முடிந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரிடம் பேசுவோம்.

அன்புடன்.