மூன்று ரூபாய் லாபம் எங்கே போனது?

கேள்வி: ஈரோட்டில் துணிப்பை தைக்கும் யூனிட் தொடங்கி 14 மாதம் ஆகிறது. வயது 26. மாதம் 15,000 பை போகிறது. ஒரு பைக்கு அடக்கம் 25 ரூபாய், விற்பது 28. செலவெல்லாம் போக மாதம் 16,000 மிஞ்ச வேண்டும், ஆனால் கையில் காசே நிற்பதில்லை. சரக்கில் பாதிக்கு மேல் வாங்கும் ஜவுளிக்கடை 4,20,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது, ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறார்கள். வெளியில் 2,50,000 ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். வீட்டில் மூடிவிட்டு வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும் சார்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது பாக்கியைப் பற்றி. நான் முதலில் பார்த்தது நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கை. நோய் அங்கேதான் இருக்கிறது.

பைக்கு 3 ரூபாய் வீதம் 45,000. வாடகை 9,000, கரண்ட் 3,000, டெம்போ 6,000, மெஷின் தவணை 11,000. போக 16,000, சரி. ஆனால் அச்சு கலங்கியது, கைப்பிடி கோணலானது என்று நூற்றுக்கு நாலு பை கழிவதாக நீங்களே வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாதம் 600 பை. துணியும் கூலியும் கொடுத்தாகிவிட்டது, அதனால் ஒவ்வொன்றுக்கும் முழு 25 ரூபாய் நஷ்டம். ஆக 15,000 அங்கேயே போய்விட்டது. மீதி ஆயிரம். இரண்டு வட்டிக்கு மாதம் 5,000 கட்டுகிறீர்கள். அப்படியானால் நாலாயிரம் கைநஷ்டம், உங்களுக்கு ஒரு பைசா சம்பளம் எழுதாமலே. ஜவுளிக்கடை நாளைக்கே மொத்தப் பணத்தைக் கொடுத்தாலும் வட்டிக் கடன் அடையும், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மாதம் முழுக்க உழைப்பது மாறாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், 27 வயதில் திருப்பூரில் ஆறு மெஷினோடு நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். பெரிய இடத்து ஆர்டர் என்ற பெருமையில் கழிவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பாக்கி வராததால்தான் மூழ்கினேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவின் நகையை மீட்ட பிறகு ஒருநாள் பழைய நோட்டைப் புரட்டினால், பாக்கி முழுதும் வந்திருந்தாலும் மூழ்கித்தான் இருப்பேன்.

இனி பாக்கிக்கு வருவோம். சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. (இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், இலவசம்தான். புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.) 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். அதை விசாரிக்கும் கவுன்சில் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம். முதலாளிக்கு ஃபோன் அடிப்பதை நிறுத்திவிட்டு அவர்கள் ஆடிட்டருக்குக் கடிதம் எழுதுங்கள், பில் நகலும் உத்யம் சான்றிதழும் வைத்து. இப்படிக் கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. மார்ச் 31 தாண்டினால் அந்தத் தொகைக்கும் சேர்த்து அவர்கள் வரி கட்ட வேண்டிவரும். நீங்கள் பத்து முறை கெஞ்சியும் அசையாதவர்கள் ஆடிட்டர் ஒரு வார்த்தை சொன்னால் அசைவார்கள். அதற்கும் மசியாவிட்டால் புகார். வாடிக்கை போய்விடுமே என்றால், போகட்டும். 28 ரூபாய்க்குக் கடனில் வாங்குகிறவரால் உங்களுக்கு என்ன பயன்?

மூடுவதா என்பதற்கு மூன்று மாதக் கெடு வையுங்கள். விலையை 31 ஆக்குங்கள், ஒத்துக்கொள்கிறவருக்கு மட்டும் தையுங்கள். கழிவை நூற்றுக்கு ஒன்றாகக் குறையுங்கள். உங்கள் கணக்கில் பாதிக் கழிவு அச்சில்தான், ஆகவே பிரிண்டிங் ஆளை மாற்றுவதே முதல் வேலை. இரண்டும் நடக்கவில்லை என்றால் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். மெஷினை மட்டும் அவசரப்பட்டுப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

அப்புறம், தாம்பூலப் பையை ஏன் விட்டுவைத்தீர்கள்? கல்யாண வீட்டார் பாதிப் பணம் முன்பணமாகத் தருவார்கள், மீதியை வைத்துவிட்டுத்தான் பையைத் தொடுவார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அப்போதே வருவார்கள். நாலைந்து சாம்பிள் பையோடு ஊரில் உள்ள அழைப்பிதழ்க் கடைகளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.