கிரேடு 3 என்று போட்டிருக்கிறார்கள், நம்பிப் போகலாமா?

கேள்வி: அடுத்த வாரம் மலையாற்றில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் பாயும் ஆற்றில் போவது) போக ஆறு பேருக்கு முன்பணம் கட்டிவிட்டோம். மகளுக்கு 13 வயது. எனக்கு நீச்சல் தெரியாது. 'கிரேடு 3, எல்லோரும் வரலாம்' என்கிறது விளம்பரம். ஆனால் மூன்று நாளாக மலையில் நல்ல மழை. போகலாமா? ரத்து செய்தால் பணம் திரும்புமா?

பதில்: கிரேடு என்பது ஆறு எவ்வளவு கடினம் என்று சொல்லும், 1 முதல் 6 வரை போகும் அளவு. 3 என்றால் நடுத்தரம். ஆனால் அது வழக்கமான நீர்மட்டத்துக்குச் சொல்வது. மழைக்குப் பிறகு அதே இடம் 4 ஆகிவிடலாம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் விளம்பரத்தை விடுங்கள், போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். இன்று ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது? எத்தனையைத் தாண்டினால் படகை இறக்க மாட்டீர்கள்? இரண்டாவதற்கு ஒரு எண் வரவேண்டும். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார்' என்று வந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று நான் விலகிவிடுவேன்.

கரையில் நின்று நீங்களும் பாருங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில், கிளையும் கட்டையுமாக அடித்துக்கொண்டு வந்தால் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. பனி உருகி வரும் ஆறென்றால் மழையே இல்லாவிட்டாலும் பிற்பகலுக்கு மேல் நீர் கூடும். காலை நேரமே கேட்டு வாங்குங்கள். மேலே அணை இருந்தால் திறப்பு நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீச்சல் தெரியாததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். உங்களைக் காப்பது லைஃப் ஜாக்கெட்தான், அதுவும் அளவு சரியாக இருந்தால். எல்லாப் பட்டையையும் இறுக்கிய பிறகு யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் வேறு கேளுங்கள். மகளுக்கு அவள் அளவில்தான் வேண்டும், பெரியவர்களுடையதைக் கட்டி இறுக்குவது உதவாது. அப்புறம், 'எல்லோரும் வரலாம்' என்பதை நம்பாமல் குறைந்தபட்ச வயதையும் எடையையும் கேளுங்கள். அது நீர்மட்டத்தோடு மாறும் என்று பதில் வந்தால் விவரம் தெரிந்தவர்கள்.

புறப்படும் முன் கைடு விளக்கம் தருவார். கூட வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் கேளுங்கள். விழுந்தால் மல்லாந்து மிதந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மேலே வைத்திருக்க வேண்டும். தரை தட்டுகிறதே என்று ஓடும் நீரில் எழுந்து நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் இடுப்பளவு தண்ணீரே ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். ஒரு விதிவிலக்கு: முன்னால் விழுந்த மரம் தெரிந்தால் மிதந்துகொண்டு போகாதீர்கள், விலகி நீந்தப் பாருங்கள். முடியாவிட்டால் தலையை முன்னால் வைத்து அதன்மேல் ஏறிவிட வேண்டும். மீட்புக் கயிறு படகில் இருக்கிறதா, கூடவே வேறு படகோ கயாக்கோ (ஒருவர் துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு) வருகிறதா என்பதையும் பாருங்கள். குளிர்ந்த நீரென்றால் வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும், ஒட்டிய ரப்பர் உடை) கேளுங்கள். பருத்தி உடை ஈரமானால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

பணத்துக்கு வருவோம். வெள்ளத்தால் அவர்கள் ரத்து செய்வது வேறு, பயந்து நீங்கள் விலகுவது வேறு. இரண்டுக்கும் பணமா, வேறு தேதியா என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. கரையில் நீட்டும் ஒப்புதல் படிவத்தை முந்தைய நாளே அனுப்பச் சொல்லிப் படியுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில் அந்த வரி இருக்கும்.

கேள்வி: சொந்தமாக லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: ஒரு நாள் பயணத்துக்கு வேண்டாம். ஏரிப் படகுக்கு விற்கும் மலிவானது வேகமான ஆற்றில் கழன்றுவிடலாம். அந்தக் காசில் காலை விட்டுக் கழலாத ஷூவும், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பட்டையும் வாங்குங்கள்.