கண்ணாடிய பாத்து சொன்னா கூச்சம் போயிடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, வீட்லயே ஜாக்கெட் தைக்கிறேன். எது பேசினாலும் மாமியார் "உனக்கென்ன தெரியும்"னு சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது. ஸ்கூல் பேரன்ட்ஸ் மீட்டிங்ல வாயே தொறக்க மாட்டேன். யூடியூப்ல ஒருத்தர் தினமும் கண்ணாடிய பாத்து "நான் திறமைசாலி"ன்னு 20 தடவ சொல்லச் சொன்னாரு. ஒரு மாசமா சொல்றேன், வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. தன்மதிப்பு ஏறுனா எல்லாம் சரியாயிடுமா?
- பேர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: கண்ணாடிய பொட்டு வைக்க வச்சுக்கோ தங்கச்சி. அமெரிக்காவுல கலிபோர்னியா அரசாங்கமே 1986ல இதுக்குன்னு ஒரு கமிட்டி போட்டுச்சு, ஜனங்களோட தன்மதிப்ப ஏத்திட்டா குற்றம், போதை எல்லாம் கொறையும்னு நெனச்சாங்க, ஆனா அங்க புரொபசருங்க ஆராய்ஞ்சு பாத்தா ரெண்டுக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. அப்புறம் 2003ல சில சைக்காலஜிஸ்ட்டுங்க பழைய ஆராய்ச்சிய எல்லாம் அலசிட்டு, தன்மதிப்பு கூடுனதால மார்க் ஏறல, மார்க் வாங்குனதாலதான் கொஞ்சம் தன்மதிப்பு கூடுதுன்னாங்க. சுத்தமா வேஸ்ட்டுன்னும் சொல்லல. அது இருக்கறவங்க சந்தோஷமா இருக்காங்க, ஒரு வேலைய தானா முன்வந்து ஆரம்பிக்கறாங்க.

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம தர்மபுரியவே பாரு. 1989ல ஐ.நா.வோட வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியோட தமிழ்நாட்டுலயே மகளிர் குழு திட்டம் மொதல்ல ஆரம்பிச்சது இங்கதான், அப்ப கிருஷ்ணகிரியும் நம்ம ஜில்லாதான், 2004லதான் பிரிஞ்சது. எங்க அத்தை அப்படி ஒரு குழுவுல இருந்தாங்க. கைநாட்டு வச்சிட்டிருந்தவங்க, பேனாவ ஊசி மாதிரி புடிச்சு, நாக்க கடிச்சுகிட்டு, பேங்க் கவுன்ட்டர்ல கையெழுத்து போட்டு முடிக்கறதுக்குள்ள பின்னாடி கியூவே நின்னுடுச்சாம். யாரும் அவங்கள "நீ திறமைசாலி"ன்னு சொல்லல, கணக்கு நோட்ட கையில குடுத்தாங்க, அவ்ளோதான். அடுத்த வருஷம் தெருவுல தண்ணி வரலன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல நாலு பொம்பளைங்கள கூட்டிட்டு போயி நின்னதும் அவங்கதான், அந்த பைப்புல இன்னிக்கும் தண்ணி வருது.

உனக்கு ரெண்டு வேலை. அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி, துண்டு சீட்டுல எழுதிட்டு போயி பாத்தே படி, கொரல் நடுங்குனா நடுங்கட்டும். ரெண்டாவது, அக்கம்பக்கத்துல "சும்மா ஒரு தையல் போட்டுக் குடு"ன்னு வர்றவங்ககிட்ட இனிமே கூலி கேளு. மாமியார் ஜாக்கெட்டுக்கு மட்டும் இப்ப கேக்காத, அத கடைசியா பாத்துக்கலாம்.