டாக்டர் மேல் வழக்குப் போட்டால் பிரசவ கவனிப்பு மேம்படுமா?

அப்படி நேரடித் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவைப் பாருங்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாமல் பதியும் கருவி 1970களில் பிரசவ அறைகளில் பரவியது. பின்னால் குழந்தைக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை) என்று தெரிந்தால், அந்தத் துடிப்புத் தாளே நீதிமன்றத்தில் சாட்சி. "இங்கே துடிப்பு இறங்கியிருக்கிறதே, உடனே ஏன் அறுவை செய்யவில்லை?" இந்தக் கேள்விக்குப் பயந்தே பல டாக்டர்கள் கத்தியை எடுத்தார்கள். 1970இல் நூற்றுக்கு 5 ஆக இருந்த சிசேரியன் இன்று சுமார் 32. (வழக்கு பயம் மட்டுமே காரணமில்லைதான்.) பெருமூளை வாதமோ அதற்கேற்பக் குறையவில்லை, பெரும்பாலும் அதன் வேர் பிரசவ நேரத்தில் இல்லை.

ஜப்பான் கதை வேறு. 2004இல் புகுஷிமாவில் சிசேரியனின்போது நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒட்டியிருந்ததால் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். 2006இல் டாக்டர் கைது, 2008இல் விடுதலை. இடையில் நாட்டின் மகப்பேறு டாக்டர்கள் கலங்கிப்போனார்கள். 2009இல் ஒரு திட்டம் வந்தது: பிரசவத்தோடு தொடர்புள்ள கடுமையான பெருமூளை வாதம் என்றால், யார் தவறு என்று நிரூபிக்காமலே 3 கோடி யென். பணத்தைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. என்ன நடந்தது என்று நிபுணர்கள் ஆராய்ந்து எழுதும் அறிக்கை பெற்றோர் கைக்கும் போகிறது, மருத்துவமனைக்கும் போகிறது.